ராசா வீட்டுக் கிரீடத்துக்குச் சபூறா போட்ட குரவை

இல்லை, பொலிஸ் பிடிக்கவில்லை. விலங்கும் போடவில்லை. அந்த நாட்டில் ஓர் ஆண்பிள்ளை சபூறாவின் கையைத் தொடக்கூட இல்லை. பிடித்தது கதிரையைத்தான். காவல் நின்ற பெண்ணொருத்தி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, அது ஆடாமல் முதுகுப்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். சபூறா அதில் இருந்து தண்ணீர் குடித்தாள். போத்தல் மூடியைத் திறந்து கொடுத்ததும் அந்தப் பெண்தான். இதற்குப் பெயர் கைது என்றால், மருதமுனையில் கலியாண வீட்டுக்குப் போய்க் கதிரையில் இருந்து சோடா குடித்த அத்தனை பேரும் கைதிகள்தான்.

கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்கிறார்களே, அதுவும் பொய். சபூறாவுக்கு முழங்கால் வருத்தம். பஸ்ஸுக்கே ஓடாதவள் கிரீடத்தோடு எங்கே ஓடுவது? அவளுடைய பையிலிருந்து கிரீடம் எடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது அவளுடைய கிரீடம், காசு கொடுத்து வாங்கியது. ராசாவின் நூதனசாலைக்குள் நின்று குரவை போட்டாள் என்பதும் உண்மை. அதை அவள் எந்த நாளும் மறைத்ததில்லை. ஏன் போட்டாள் என்று கேட்கத்தான் ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாய்கள் எல்லாம் வேறு வேலையில் இருந்தன.

ஆகவே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இடையில் குறுக்கே கதைக்காமல் கேளுங்கள்.

சபூறாவின் தொழில் பெண் சோடிப்பது. கலியாணத்தன்று காலையில் தகரப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்வீட்டுக்குப் போவாள். பெட்டிக்குள் கல் வைத்த மாலை, நெற்றிச்சுட்டி, காப்பு, சரிகைப்பூ எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பழைய துவாயில் சுற்றிய கிரீடம். தங்கம் இல்லை, முலாம்தான். அதன் நடுக்கல் ஒரு கலியாண வீட்டில் விழுந்துபோனது. தேடிக் கிடைக்காததால், ஒரு பிள்ளைச் சட்டையின் சிவப்புப் பொத்தானைப் பசை வைத்து ஒட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மாணிக்கம். அதனால் தான் சோடித்த பெண்ணுக்குக் கிட்டே அவள் யாரையும் விடமாட்டாள். "தூரத்துல நிண்டு பாருங்ககா, கண்ணூறு பட்டிடும்" என்பாள். மருதமுனைப் பெண்களில் பாதிப்பேரின் நெற்றிக்கு மேலே அந்தப் பொத்தான் ஏறி இறங்கியிருக்கிறது. கலியாணப் படத்தைப் பார்த்தால் தெரியும். பார்க்க வேண்டாம்.

அவளுக்கென்று ஒரு முறை உண்டு. கிரீடத்தை இரு கையாலும் உயர்த்தி, பிஸ்மி சொல்லி, பெண்ணின் தலையில் மெல்ல இறக்குவாள். அது உச்சியைத் தொடும்போது நாக்கைச் சுழற்றி முதல் குரவை போடுவதும் அவள்தான். அதன் பிறகுதான் கூடியிருக்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போடுவார்கள். வாசலில் நிற்கும் ஆண்களுக்கு அதுவே செய்தி: பெண் ஆயத்தம், மாப்பிள்ளையைக் கூட்டிவரப் போகலாம். சபூறாவின் குரவை கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு மாப்பிள்ளையும் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. கூப்பிடாமல் போகமாட்டாள். போனில் கூப்பிடுவதைக் கூப்பிடுவதாகவே கணக்கில் எடுக்கமாட்டாள். பெண்ணின் உம்மா பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து ஏந்திக்கொண்டு, அவளுடைய வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பக்கத்து வீடு மைமூனாவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதில் பிரிப்பதற்குக் கட்டியதல்ல, முழங்கையை ஊன்றிக் கதைப்பதற்குக் கட்டியது. மைமூனாவின் மகள் சிபானா நடை பழகின நாளிலிருந்து சபூறாவின் வீட்டில்தான் கிடப்பாள். ஒருநாள் தகரப்பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்துத் தலையில் போட்டு, அது மூக்குவரை இறங்கி, கண் தெரியாமல் அரிசிப் பானையோடு முட்டிக்கொண்டாள். அழுத பிள்ளையை மடியில் வைத்துச் சபூறா சொன்னாள்: "இத நீயாப் போடப்படாது கிளி. உண்ட கலியாணத்துக்கு இந்தக் கையாலதான் வெப்பன்." அந்தப் பிள்ளை படித்து, ஆசிரியையாகி, இப்போது கலியாணமும் நிச்சயமானது. சபூறாவுக்கு ஒரே நினைப்புதான். இந்தப் பிள்ளையின் தலையில் பொத்தான் ஏறக்கூடாது. புதுக் கிரீடம் வேண்டும்.

அவளுடைய மூத்த சகோதரி, அதாவது ராத்தாவின் மகன் பர்ஸானுக்குக் கல்முனை பஸாரில் துணிக்கடை. சாமான் வாங்கத் தாய்லாந்துக்குப் போய்வருகிறவன். "சாச்சி, அங்க கிரீடம் குவிச்சு வெச்சி விக்கிறாங்க. வாங்க, நீங்களே பாத்து எடுங்க" என்றான்.

சபூறாவின் புருசன் முத்தலிப், ஒரு காலத்தில் மீன் லொறியோடு கொழும்புக்குப் போய்வந்தவர், இப்போது வீட்டோடு இருப்பவர். குறைவாகக் கதைப்பவர். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எனக்குச் சோறு?"

"உங்கட கைக்கு என்ன வருத்தமா?" என்று சொல்லிவிட்டுச் சபூறா பிளேனில் ஏறினாள்.

கிரீடம் முதல் நாளே கிடைத்துவிட்டது. கடையின் எல்லாக் கிரீடத்தையும் பர்ஸானின் தலையில் வைத்துப் பார்த்து, கடைக்காரி சிரித்துச் சிரித்துக் களைத்தபின் சபூறா ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். நடுவில் மஞ்சாடி விதைச் சிவப்பில் பெரிய கல். அட்டைப்பெட்டியில் போட்டு, கைப்பைக்குள் வைத்து, அதன்பிறகு அந்தப் பையை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தொழுகைக்குப் பக்கத்திலே வைத்தாள். நித்திரைக்குத் தலைமாட்டில் வைத்தாள்.

திரும்புகிற நாளுக்கு முதல்நாள் பர்ஸானின் துணி மூடைகள் கட்டி முடியத் தாமதமானது. பொழுது மிச்சமாகிவிட்டது.

"என்ன பாக்க ஆச சாச்சி? கடல் பாக்கப் போவமா?"

"கடல் எங்கட வீட்டுக்குப் பின்னால கிடக்கி. அதுக்கு ஏன் பிளேன்ல வரணும்? எண்ட தொழிலுக்குச் சம்மந்தப்பட்ட எதையாவது காட்டு."

பர்ஸான் போனில் தேடினான். அந்த நாட்டு ராசாமாரின் கிரீடம், பட்டம் பதக்கம், பழைய காசு எல்லாம் வைத்திருக்கும் நூதனசாலை ஒன்று இருந்தது. கிரீடம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சபூறா செருப்பை மாட்டிவிட்டாள்.

வாசலில் முதல் பிரச்சினை பர்ஸானுக்கு. முழங்கால் தெரியும் காற்சட்டையோடு உள்ளே போகக்கூடாதாம். கால்வரை மூடிய அபாயாவில் நின்ற சபூறாவைப் பார்த்து வாசல்காரர் கைகூப்பி வழி காட்டினார். பர்ஸான் தெருவுக்கு அப்பால் ஓடி, அங்கே விற்கும் தொளதொளப்பான காற்சட்டை ஒன்றை வாங்கி மேலால் போட்டு வந்தான். ஊதா நிறம். உடம்பெல்லாம் யானைப் படம். முன்னுக்கு யானை, பின்னுக்கு யானை, சம்மணம் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

"மாஷா அல்லாஹ், இப்பதான் மனிசன் மாதிரி இரிக்காய்" என்று சொல்லிச் சபூறா அவனை ஒரு படம் எடுத்து வைத்தாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

பைகளை இயந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டியும் போய்வந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கிரீடத்தோடு உள்ளே போகிறவளை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

முதலில் காசு. அந்த நாட்டின் பழங்காலக் காசு தட்டையாக இல்லை. வெள்ளித் துண்டை இரண்டு பக்கமும் மடித்து, புளியங்கொட்டை போல உருட்டி, மேலே சின்ன முத்திரை குத்தியிருந்தார்கள்.

"இது உருண்டு ஓடுமே தம்பி" என்றாள் சபூறா. "அந்தக் காலத்துல சந்தைக்குப் போன பொம்புளையள் மீன் வாங்கினாங்களோ, காசுக்குப் பின்னால ஓடினாங்களோ."

"மெதுவாக் கதைங்க சாச்சி."

"நான் மெதுவாத்தான் கதைக்கன். இந்த வீடுதான் பெருசாக் கதைக்கிது."

அது உண்மை. கூரை உயரம். இருமினால் திரும்பி வந்து காதில் விழும்.

அடுத்து பட்டங்களும் பதக்கங்களும். பெரிய ஆட்களுக்கு ராசா கொடுக்கிற நட்சத்திரங்கள், தோளுக்குக் குறுக்கே போடும் பட்டுப் பட்டிகள், கழுத்துச் சங்கிலிகள். மற்றவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துப் போனார்கள். சபூறாவுக்குப் பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். ஊசியா, கொளுக்கியா, உடுப்பைக் கிழிக்காமல் எப்படி நிற்கிறது? கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைத்தது. முக்காட்டு நுனியால் துடைத்தாள். அது இன்னும் மோசமானது. அங்கே காவல் நின்ற பெண் ஒரு துணியோடு வந்து துடைத்தாள். அந்தப் பெண்ணின் தலையில் உடுப்பு நிறத்திலேயே முக்காடு.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் சபூறா.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள் அவள், முகம் விரிய.

அதற்குப் பிறகு இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. அது சபூறாவைத் தடுக்கவில்லை. மருதமுனை, மைமூனா, சிபானாவின் மாப்பிள்ளை எங்கே வேலை என்பதுவரை சொன்னாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு அவர்களோடேயே நடந்துவந்தாள். பர்ஸான் அதைக் காவல் என்று நினைத்தான். சபூறா அதை உறவு என்று நினைத்தாள். யார் சரி என்று இன்றுவரை முடிவாகவில்லை.

பிறகு ராசாவின் சாமான்கள். வாள், விசிறி, அடுக்கடுக்காய் வெள்ளைக் குடை. கூடவே ஒரு சோடிச் செருப்பு. நுனி வளைந்து, பொன் வேலை செய்த செருப்பு. நம்முடைய ஊரில் மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி அவருடைய காலைக் கழுவிவிட்டு மோதிரம் வாங்குவான். சபூறா செருப்பைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த ராசாட கால மச்சினன் கழுவினா என்ன மோதிரம் குடுத்திரிப்பாங்க? கேட்டுச் சொல்லு."

"இதெல்லாம் கேக்க ஏலா சாச்சி. வாங்க போவம்."

"கிரீடம் பாக்காம நான் வரமாட்டன்."

அடுத்த கூடத்துக்குள் அவர்கள் போன நேரம்தான் நேரம். கோபுரம் போல் உயர்ந்த பொன் தலையணி ஒன்றைத் துடைத்து, வைத்திருந்த இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் அதை இரு கையாலும் ஏந்தி நின்றார். கீழே துணி போர்த்திய தாங்கி. கழுத்தும் தலையுமாய், அசல் ஆள் இருப்பது போலவே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள்.

சபூறாவின் கண் அந்தக் கையிலேயே நின்றது. கிரீடம் இறங்குகிறது. மெல்ல, நேராக, தேர்ந்த கை. அவள் சுற்றிவரப் பார்த்தாள். அங்கே நின்ற பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கிற எண்ணத்தில் இல்லை. ஒருத்தி கையில் போன், ஒருத்தி கையில் தண்ணீர்ப் போத்தல். கிரீடம் இன்னும் இறங்கியது. யாராவது தொடங்கவேண்டுமே என்று சபூறா தவித்தாள். கிரீடம் உச்சியைத் தொட்டது.

குரவை போட்டது சபூறா இல்லை, அவளுடைய நாக்கு. காலமெல்லாம் கிரீடம் தொடும்போது சுழன்ற நாக்கு, இது யாருடைய வீடு என்று கேட்டுக்கொண்டா சுழலும்?

அந்தக் கூரை அதை வாங்கி, பெருக்கி, நாலு பக்கமும் திருப்பி அனுப்பியது. ஒரு வெள்ளைக்காரர் தீ பற்றிவிட்டதென்று மனைவியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். காவற்காரர்கள் நாலா பக்கமும் இருந்து ஓடிவந்தார்கள். கையுறைக்காரரின் கை மட்டும் நடுங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கிரீடம் அச்சாக அமர்ந்திருந்தது. பர்ஸான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். யானைகள் தெரிந்தன.

முக்காடு போட்ட பெண் ஓடிவந்தது பிடிக்க இல்லை. அவள் சபூறாவுக்கு ஏதோ வருத்தம் வந்து கத்துகிறாள் என்று நினைத்துவிட்டாள். அதுதான் கதிரை, அதுதான் தண்ணீர். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலும் பார்த்தாள்.

வெளியே போகும் வழியில் ஒரு பெரியவர் மரியாதையாகப் பையைத் திறக்கச் சொன்னார். சபூறா திறந்தாள். அட்டைப்பெட்டி. அதையும் திறந்தாள்.

கிரீடம்.

பர்ஸானின் முகத்தில் இருந்து வேர்வை சொட்டி ஒரு யானையின் மேல் விழுந்தது. சபூறாவுக்கோ, எல்லாரும் கிரீடத்தைப் பார்க்கிறார்களே என்று உள்ளுக்குள் பெருமை. நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தாள். விளங்கவைக்க வேண்டுமே என்று அதை எடுத்து, முக்காட்டுப் பெண்ணை அங்கே கிடந்த கதிரையில் இருத்தி, பிஸ்மி சொல்லி, அவளுடைய தலையில் இறக்கினாள். உச்சியைத் தொட்டதும் சபூறாவின் வாய் திறந்தது. அந்தப் பெண் எட்டிக் கையால் அவளுடைய வாயைப் பொத்தினாள். அப்போதுதான் அவளுக்கும் எல்லாம் விளங்கியது. பொத்திய கையை எடுக்காமலே சிரித்தாள். கிரீடத்தின் ஓரத்தில் சந்தைக் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பெரியவரும் சிரித்தார். கைகூப்பி வழியனுப்பினார்கள்.

நடந்தது இவ்வளவும்தான்.

பின்னேரம் பர்ஸான் குடும்பக் குழுவுக்கு வட்ஸ்அப்பில் குரலனுப்பினான். "சாச்சி ராசாட கிரீடத்துக்குக் குரவ போட்டுட்டா. காவற்காரர் ஓடிவந்துட்டாங்க. பைக்குள்ள பாத்தா கிரீடம்." அதற்கு மேல் சொல்லவிடாமல் அவனுக்குச் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டான். யானைக் காற்சட்டையைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

அந்தக் குரல் மருதமுனையில் குரவையாகத்தான் இருந்தது. கல்முனைக்குப் போகும்போது கைது. சாய்ந்தமருதில் விலங்கு. நிந்தவூரில் ராசாவே நேரில் வந்து விசாரித்தார். அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் சபூறா சிறையில் இருந்தாள். அவளைப் பிணையில் எடுக்க மருதமுனையில் பணம் சேர்ப்பதாகவும் கதை.

சபூறா வீட்டுக்கு வந்து, பெண்பிள்ளைக்குப் போடும் சாமானில் விலை தெரியக்கூடாதே என்று விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்து, கிரீடத்தோடு மதிலடிக்குப் போனாள்.

"மைமூனா, இஞ்ச பாரு. சிபானாட தலைக்கு."

மைமூனா முழங்கையை மதிலில் ஊன்றவில்லை. அதிலிருந்தே விளங்கியிருக்க வேண்டும்.

"வேணாம் ராத்தா."

"என்ன வேணாம்?"

"அது அந்த ராசாட சாமான். களவெடுத்த கிரீடத்தோட எண்ட புள்ளைக்கு நிக்காஹ் நடக்க ஏலா. மறுமையில கணக்கு எனக்குமெல்லோ வரும். நான் அக்கரைப்பத்துல பியூட்டி பாலர்காரி ஒராளுக்குச் சொல்லிட்டன்."

"ராசாட கிரீடத்த நான் எடுத்திருந்தா அவன் என்ன, தலைய மட்டும் வெச்சிட்டு இரிப்பானா?"

"அது எனக்கென்ன தெரியும். அவனுக்கிட்ட வேற இரிக்கும்."

சபூறா கிரீடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கே சொல்லிவிட்டாள்: மைமூனா வட்டாவோடு வந்து இந்த வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இந்தப் படியைத் தாண்டமாட்டேன். முத்தலிப் நினைத்தார், நாளைக்குச் சரியாகிவிடும் என்று. சரியாகவில்லை. அவரே சந்தைக்குப் போனார். மச்சான் வீட்டு மௌலூது விருந்துக்கு அவர்தான் தனியே போய், தனியே சாப்பிட்டு, பொட்டலத்தோடு வந்தார். சபூறா உள்ளே இருந்துகொண்டு தாய்லாந்துக் கதையைத் திரும்பத் திரும்ப அவருக்கே சொன்னாள்.

"ராசாக்கு மேலால அடுக்கடுக்கா வெள்ளக் குட பிடிக்கிறாங்க. நீங்க எனக்கு மழைக்காவது ஒருக்காப் பிடிச்சிரிக்கிங்களா?"

"நமக்கு இரிக்கிறது ஒரு குடதானே. அதுலயும் ஒரு கம்பி போயிட்டு."

பர்ஸான் மன்னிப்புக் கேட்க வந்தான். சபூறா போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். "இத எல்லாருக்கும் அனுப்புறதா, இல்ல நீயே போட்டுட்டுப் போய் மைமூனாக்கு நடந்தத சொல்லுறதா?"

அவன் நல்ல பிள்ளை. போட்டுக்கொண்டு போனான். தெருவில் நின்றவர்கள் அன்று குரவையை மறந்தார்கள். கைத்தறிக்குப் போன பெண்கள் வேலைக்குப் பிந்தினார்கள். மைமூனா வாசலில் நின்று அவன் சொன்னது முழுவதையும் கேட்டாள், கண்ணை யானைகளில் இருந்து எடுக்காமல். கடைசியில் சொன்னாள்: "தம்பி, நீங்க சொல்லுறத நம்பலாம் எண்டுதான் நினைக்கன். ஆனா இந்த உடுப்போட வந்து சொல்லுறிங்களே."

கலியாண நாள் வந்தது. சபூறா வீட்டுக்குள். தகரப்பெட்டி மேசையில். புதுக் கிரீடமும் மேசையில். ஜன்னல் திறந்தபடி. திறந்துவைத்தது காற்றுக்காம்.

பாலர்காரி நஸ்லின் அக்கரைப்பற்றிலிருந்து வந்து இறங்கினாள். மதிலுக்கு அப்பால் ஜன்னலில் தெரிந்த சபூறாவைக் கண்டு திடுக்கிட்டு, "இது அந்த ராத்தா இல்லயா? உள்ளுக்கு இரிக்கிறா எண்டாங்க" என்றாள்.

"ஓம், உள்ளுக்குத்தான் இரிக்கன்" என்றாள் சபூறா.

நஸ்லின் கெட்டவள் இல்லை. நன்றாகவே சோடித்தாள். தன்னுடைய கிரீடத்தைப் பெண்ணின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டினாள். அறை முழுக்கப் பெண்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொடங்குகிறவள் இல்லை. ஒரு பெண் மெல்ல நாக்கைச் சுழற்றினாள், இருமல் வந்தது. வாசலில் ஆண்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கென்ன" என்று நஸ்லின் போனை எடுத்து, அதில் இருந்த குரவை ஒன்றைத் தட்டினாள். முதலில் ஒரு விளம்பரம் வந்தது. தலைமுடி உதிர்கிறதா, கவலை வேண்டாம் என்று ஒரு ஆண் குரல், வீடு முழுக்கக் கேட்கும்படி. வாசலில் நின்ற மூத்த மாமா வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

சபூறா ஜன்னலடியில் நின்று நாக்கைப் பல்லுக்குள் வைத்து அமுக்கிக்கொண்டாள். நாக்கு சுழல நின்றது. விடவில்லை.

அப்போதுதான் சிபானா தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி மடியில் வைத்தாள். "சபூறா மாமி வந்து வெக்காம நான் எழும்ப மாட்டன் உம்மா. சின்னப் புள்ளையில சொன்ன சொல்லு."

அழவில்லை. சத்தம் போடவில்லை. எழும்பவில்லை, அவ்வளவுதான். பிடிவாதம் அந்தப் பிள்ளைக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மைமூனா வட்டாவோடு சபூறாவின் வாசலுக்கு வந்தாள். கால் இறங்கி வந்தது. முகம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நீங்க வாங்க ராத்தா. உங்கட பழைய கிரீடத்தக் கொண்டு வாங்க. மத்தது வேணாம்."

"வந்தா ரெண்டோடயும்தான் வருவன்."

"மறுமைக்கணக்கு ராத்தா."

"இஞ்ச வா. நீயே பிடிச்சுப் பாரு" என்று சபூறா புதுக் கிரீடத்தை எடுத்து அவளுடைய கையில் வைத்தாள்.

மைமூனா வட்டாவை மேசையில் வைத்துவிட்டு, கிரீடத்தைச் சாய்த்தாள், திருப்பினாள், வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் இருந்த அந்தப் பெரிய சிவப்புக் கல் டிக் என்று கழன்று விழுந்தது. சீமெந்துத் தரையில் உருண்டு, அலுமாரிக்கடியில் போய், தண்ணீர் போகும் கான் ஓட்டை வழியாக வெளியே விழுந்த சத்தம் கேட்டது.

இருவரும் அந்த ஓட்டையையே பார்த்தார்கள்.

மைமூனாவின் முகத்தில் முதலில் கண்ணும், பிறகு வாயும் திறந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "ராசாட கிரீடம் எண்டா கல்லு இப்பிடிக் கழருமா? இது சந்தச் சாமான்தான் ராத்தா. அசல் சந்தச் சாமான்."

"சந்தச் சாமான் எண்டு யாருகா சொன்னது?" சபூறாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல கடையில எடுத்தது. நீ பிடிச்ச பிடி சரியில்ல."

"ஓம் ராத்தா, ஓம். நான் பிடிச்ச பிடிதான்." மைமூனா சிரிப்பை முந்தானையால் அடைத்தாள். கண்ணால் வழிந்தது சிரிப்போ வேறேதோ தெரியவில்லை.

சபூறா பெட்டியைத் திறந்தாள். பழைய கிரீடத்தைத் துவாயிலிருந்து எடுத்தாள். நகத்தால் நெம்பி அந்தச் சிவப்புப் பொத்தானைக் கழற்றினாள். புதுக் கிரீடத்தின் நடுக்குழியில் பசை தடவி வைத்தாள். அளவாக அமர்ந்தது. வாயால் ஊதிக் காயவைத்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"மாணிக்கம்" என்றாள் மைமூனா.

"கிட்ட யாரையும் விடாத" என்றாள் சபூறா. "இப்ப வெளியில போ."

"ஏன் ராத்தா?"

"உள்ளுக்கு நிண்டு கூப்பிடுறதெல்லாம் கூப்பாடு இல்ல."

மைமூனா வட்டாவை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். படிக்கு அப்பால் நின்று வெற்றிலையைச் சரிபண்ணினாள். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, உரத்துச் சொன்னாள்: "சபூறா ராத்தா. எண்ட மகள் சிபானாவச் சோடிக்க வாங்க."

சபூறா தகரப்பெட்டியை இடுப்பில் ஏற்றிக் கிரீடத்தைக் கையில் ஏந்தினாள். செருப்பைத் தேடினாள். முத்தலிப் அதைத் துடைத்து, நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். எப்போது வைத்தார் என்று தெரியாது. வெளியே மழையும் இல்லை, வெயிலும் பெரிதாக இல்லை. ஆனாலும் அவர் அந்தக் கறுப்புக் குடையை விரித்து, போன கம்பிப் பக்கத்தைத் தன் தலைக்குத் திருப்பி, நல்ல பக்கத்தை அவளுக்கு மேலே பிடித்தார்.

"அடுக்கில்ல" என்றார். "ஒண்டுதான் இரிக்கி."

"நிமித்திப் பிடிங்க" என்று சொல்லிச் சபூறா படியைத் தாண்டினாள்.